மரத்தளம் போட்ட வாடகை ஃபிளாட்: சென்னையில் எடுக்கலாமா?

‘உட்டன் ஃப்ளோரிங்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், சென்னை வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் லேமினேட்தான். மரநாரை அழுத்திச் செய்த 8 அல்லது 12 மில்லிமீட்டர் பலகை, அதன்மேல் மரம்போல அச்சடித்த தாள், அதற்கும் மேல் ஒரு கெட்டிப் பூச்சு. சில பலகைகள் தள்ளி அதே முடிச்சும் அதே ரேகையும் திரும்ப வந்தால் அச்சுதான், சந்தேகமே வேண்டாம். பிளைவுட் மேல் அசல் மரத்தகடு ஒட்டிய எஞ்சினியர்டு பலகையும் சில வீடுகளில் உண்டு. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி பலகை தண்ணீருக்கு உப்பாது. நம் ஊர் ஈரத்துக்கும் பக்கெட் மாப்புக்கும் அதுதான் தோது.

வீடு பார்க்கப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாத்ரூம் வாசலுக்குப் போங்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். ஓரம் மேடு தட்டினால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. ஒருமுறை உப்பிய மரநார் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இழைத்துச் சரிசெய்யவும் முடியாது, மேலே இருப்பது வெறும் தாள். பலகையை மாற்றத்தான் வேண்டும். ஒன்றோடொன்று கொக்கி போட்ட பலகைகள் என்பதால், சுவர் ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அதே டிசைன் கடையில் கிடைக்காமல் போவதுதான் பெரிய தலைவலி. மிச்சப் பலகை வைத்திருக்கிறாரா என்று ஓனரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து பால்கனிக் கதவு, ஏசிக்கு நேர் கீழே, ஜன்னலோரம். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ விழும் இடங்கள் இவை. அறை நடுவில் தளம் கூடாரமாகத் தூக்கியிருந்தால், சுவரோரம் விட வேண்டிய 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியை விடாமல் போட்டிருக்கலாம். இல்லையென்றால் பலகைமேல் கனமான அலமாரியை அறைந்து இறுக்கியிருப்பார்கள். ஈரக்காற்றில் பலகை விரியும்போது போக இடமில்லை. நடக்கையில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அடித்தளம் மட்டமில்லை. நாளடைவில் கொக்கி உடையும்.

பழைய டைல்ஸ் மேலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃபோம் விரித்துப் போட்ட தளங்கள் நிறைய. அடியில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை வாடை கிளம்பும். மூடிக் கிடந்த வீட்டைத் திறந்த உடனே மோந்து பாருங்கள், ரூம் ஃப்ரெஷ்னர் அடிப்பதற்கு முன்னால். சுவரடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் பட்டையின் ஓரம் மண்கோடு ஓடினால் கரையான், அந்த வீடு வேண்டவே வேண்டாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை போல வெள்ளம் பார்த்த பகுதிகளில் தரைத்தளத்து லேமினேட்டும் அப்படித்தான்.

மாடி ஃபிளாட்டில், படுக்கையறையில் மட்டும் போட்டிருந்தால் தாராளமாக எடுக்கலாம். டைல்ஸின் ஜில்லிப்பு இல்லை, காலுக்கு இதம், குழந்தை தவழ நல்லது. ஹாலும் சமையலறையும் சேர்த்துப் போட்ட வீட்டுக்கு அதற்காகவே வாடகை கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குடிபோன பிறகு பெருக்கிவிட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். ஸ்டீம் மாப் கூடவே கூடாது. பினாயில் திட்டுத்திட்டாகப் படியும். வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் கடற்கரை மணல்தான் எதிரி, வாசலில் முரட்டு மிதியடி அவசியம். நாற்காலிக் கால்களுக்கு அடியில் மெத்தென்ற ஃபெல்ட் துணித்துண்டு ஒட்டுங்கள். ஆபீஸ் நாற்காலியின் நைலான் சக்கரம் கோடு போடும், அடியில் பாய் விரியுங்கள்.

அட்வான்ஸில் கை வைக்கும் சண்டை இந்தத் தளத்தாலும் வரும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். அதிலேயே இரண்டு வரி சேருங்கள்: நடமாட்டத்தால் வரும் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை, குழாய்க் கசிவாலும் மழைநீராலும் உப்பினால் செலவு ஓனருடையது. சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையின் மூலையையும் வாசல் ஓரத்தையும் படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.