ஈரமண்ணின் பளபளப்பை அளக்க: சுழலும் போலராய்டா, கேமராவா?

ஈரமண்ணைச் சாய்வாகப் பார்த்தால் மேலே ஒரு பளபளப்பு தெரியும். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டுத் தகட்டின் வழியே பார்த்தபடி அதைத் திருப்பினால் பளபளப்பு மங்கி, அடியில் இருக்கும் மண்ணின் நிறம் துலங்கும். ஆய்வகத்தில் அளப்பதும் இதைத்தான். படுதளத்துக்கு, அதாவது விழும் ஒளியும் தெறிக்கும் ஒளியும் அடங்கும் தளத்துக்கு, செங்குத்தாக அதிரும் ஒளிக்கும் இணையாக அதிரும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தளவிளைவு அளவு, அதாவது ஒளி எவ்வளவு தூரம் ஒரே திசையில் அதிர்கிறது என்பது.

பழைய வழியில், ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் நிறமாலைமானியின் முன்னே, போலராய்டு போன்ற ஒரு தளவிளைவாக்கியைப் பொருத்தி 0, 45, 90, 135 பாகைகளில் திருப்பித் திருப்பி அளப்பார்கள். பின்லாந்தின் ஃபிகிஃபிகோ கோணமானி (பல திசைகளிலிருந்து அளக்கும் கருவி) இந்த வகை. 350 முதல் 2500 நானோமீட்டர் வரை நிறமாலை கிடைக்கும். நீர் ஒளியை விழுங்கும் 1400, 1900 நானோமீட்டர் பட்டைகளும் அதற்குள் அடங்கும். புதிய வழியான தளவிளைவுக் கேமராவுக்கு அந்த இடமெல்லாம் எட்டாது. சோனியின் ஐஎம்எக்ஸ்250 வகைத் தளவிளைவு சென்சார் சிலிக்கானால் ஆனது. ஏறத்தாழ 1000 நானோமீட்டரோடு அதன் பார்வை முடிந்துவிடும்.

அப்படியானால் நிறமாலைமானியே போதுமே என்று தோன்றும். ஈரமண்ணை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். பார்க்கும் ஒரு திசைக்கு நான்கு அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60 திசைகளுக்கு 40 நிமிடம். அத்தனை நேரமும் ஹாலஜன் விளக்கு மண்ணைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். நீர்ப்படலம் வற்ற வற்ற மண் வெளுக்கும், தளவிளைவு இறங்கும். கடைசியில் கையில் இருப்பது கோணத்தின் வளைவா, காய்ந்ததன் வளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல் திசைக்கே திரும்பி வந்து ஒருமுறை அளந்து பார்க்காதவர்களின் ஈரமண் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

கேமராவில் இந்தத் தொல்லை குறைவு. நான்கு அண்டைப் பிக்சல்களின் மேல் நான்கு திசைகளில், போலராய்டு போல வேலை செய்யும் நுண்கம்பி வலைகள் இருப்பதால், நான்கு அளவுகளும் ஒரே சொடுக்கில் வந்துவிடும். ஆனால் அந்த நான்கு பிக்சல்களும் மண்ணின் ஒரே புள்ளியைப் பார்ப்பதில்லை. கட்டியின் விளிம்பிலும் நிழலின் ஓரத்திலும் இல்லாத தளவிளைவு முளைக்கும். தனிப் பிக்சலை நம்பாமல் பரப்பின் சராசரியை எடுப்பது நல்லது.

அலைநீள வீச்சு குறைவு என்பது நினைப்பதைப் போலப் பெரிய குறையுமல்ல. தளவிளைவுற்ற பகுதி பெரும்பாலும் துகளின் மேற்பரப்பிலேயே தெறித்து வருவது. அதில் மண்ணின் நிறம் அதிகம் ஏறுவதில்லை. நிறம் ஏறுவது உள்ளே புகுந்து சிதறி வெளிவரும் பகுதியில்தான். கரிய மண்ணில் இந்தப் பகுதி குறைவு; வெளிறிய மண்ணைவிடக் கரிசல் கூடுதல் தளவிளைவு காட்டுவதும் இதனால்தான். 1905-இல் ரஷ்ய இயற்பியலாளர் உமோவ் கண்ட விதி இது. ஆகவே தளவிளைவுற்ற எதிரொளிப்பு மட்டும் போதுமென்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றிரண்டு பட்டைகளே பெரும்பாலும் போதும்.

உலர்ந்த, சலித்த மண்ணுக்கு நான் நிறமாலைமானியையே எடுப்பேன். மண் எங்கும் ஓடிப்போகாது. ஈரம் மாறும் மண்ணுக்குக் கேமரா. எதை எடுத்தாலும், ஒப்பிட வைக்கும் வெள்ளைத் தகட்டின் தளவிளைவைச் சுழியம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய சாய்வுகளில் அதுவும் கொஞ்சம் காட்டும்.