பழைய செல்ஃப் மோட்டாரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பழைய டீசல் டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். புது செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) என்று சொல்லி, பெயின்ட் அடித்த பழைய மோட்டாரை மாட்டி அனுப்புகிறார்கள். எங்கள் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மரவள்ளி பிடுங்கி ஏற்றும் நேரம். எங்கள் மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டர் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் போட்டது, இன்ஜின் சுற்றவில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும், அதற்குள் மில்லுக்குப் போயாக வேண்டும். இது மோட்டாரை மாற்றிய கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். பேட்டரியில் மீட்டர் வைக்கவில்லை, ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. "ஆர்மேச்சர் எரிஞ்சு போச்சுங்கண்ணா, புதுசுதான் போடணும்" என்றார். ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுழலும் பாகம். பிரித்துக் காட்டச் சொன்னால் நேரமில்லையாம். பழையதை எடுத்துக்கொண்டு மேலே 8,500 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு.

சில நாள் ஓடியது, அப்புறம் அதே 'டக்'.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் வந்ததும் மோட்டாரைக் கழற்றவில்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தார், 12.6 வோல்ட், முழு சார்ஜ். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் எர்த் கேபிள் பாடியோடு சேரும் போல்ட் அடியில் முழுக்கத் துரு, கை வைத்தால் சுட்டது. டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் வழியில் போய்விடும். சுரண்டி, புது லக் (கேபிள் முனையில் மாட்டும் வளையம்) போட்டு இறுக்கியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கடையில் மோட்டார் மாட்டும்போது அந்த போல்ட்டை அசைத்திருக்கிறார்கள், அதனால்தான் சில நாள் ஓடியது என்றார் அவர்.

மீட்டர் இல்லாதவர்கள் கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, கனமான ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் இன்ஜின் பாடியையும் நேராக இணைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு எர்த்தில்தான், மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. அப்படியும் ஆகாவிட்டால் பாசிட்டிவ் கேபிளின் இரண்டு முனை, சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட், கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித் துண்டு) என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷும் புஷ்ஷும் (ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் வளையம்) மாற்றினாலே பல மோட்டார்கள் சரியாகிவிடும்.

எர்த்தைச் சரிசெய்த பிறகு அந்தப் 'புது' மோட்டாரையும் எலக்ட்ரீசியன் கழற்றிப் பிரித்துக் காட்டினார். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. புஷ் லூசாகி ஆர்மேச்சர் உள்ளே உரசிய தடம் பளிச்சென்று தெரிந்தது. வெளியே மட்டும் கறுப்புப் பெயின்ட்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைப் பையன் பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, சாவியைத் திருப்பாமலே ஸ்டார்ட் செய்ய ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்தான். கியரில் இருந்திருந்தால் வண்டி அவன் மேலேயே ஏறியிருக்கும். இப்படி உயிர் போனவர்கள் உண்டு. யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

எங்கள் பழைய மோட்டாரைக் கேட்டால் "காயலாங்கடைக்குப் போட்டாச்சுங்க" என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டும், பிரித்த மோட்டாரின் போட்டோவும் பத்திரமாக இருக்கின்றன. சமீபத்தில் செல்ஃப் மாற்றியவர்கள் உங்கள் மோட்டாரின் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். பெயின்ட் ஸ்க்ரூ மேலேயும் படிந்திருந்தால், அல்லது தலை தேய்ந்திருந்தால், பின்மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.