சோப்புக் கிராமமா, சாக்லேட் கிராமமா?

இங்கிலாந்துக்கு வரும் உறவினர்கள் லண்டனைச் சுற்றி முடித்த மறுநாளே "ஒரு கிராமத்தைக் காட்டு" என்பார்கள். ஓடை, ஓட்டு வீடு, வாசலில் ரோஜாக் கொடி. அவர்கள் மனத்தில் இருக்கும் படம் அது. அப்படிப்பட்ட கிராமத்துக்குப் போக இரண்டு ரயில் மாறிப் பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். பெரிய நகரங்களின் விளிம்பில், ரயிலை விட்டு இறங்கியதுமே எதிரே நிற்கும் இரண்டு ஊர்கள்: லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் போர்ட் சன்லைட், பர்மிங்காமுக்குத் தெற்கே போர்ன்வில். இரண்டுமே இன்று புறநகர்தான். ஆனால் கிராமம் என்ற பெயரை இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் கட்டியவர்கள் தொழிற்சாலை முதலாளிகள். ஒன்று சோப்புப் பணத்தில் எழுந்தது, மற்றது சாக்லேட் பணத்தில்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

பெயரைச் சொன்னதும் நம் ஆட்கள் முகம் மலர்வது சன்லைட்டுக்குத்தான். கிணற்றடித் துவைக்கும் கல்லின் மேல் கரைந்து கிடந்த அதே மஞ்சள் கட்டி. அதைச் செய்த வில்லியம் ஹெஸ்கெத் லெவர், போல்ட்டன் நகரத்து மளிகை வியாபாரியின் மகன். வாரிங்டனில் இருந்த ஆலை போதாமல் போகவே, மெர்சி ஆற்றோரம் 56 ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்கினார். ஆலைக்கு 24, ஊருக்கு 32. 1888 மார்ச்சில் அவருடைய மனைவி எலிசபெத் முதல் மண்ணை வெட்டினார். லெவர் சகோதரர்கள் பெயர் பொறித்த சன்லைட் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியதும் அதே 1888-இல்தான். ஊருக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோதே சோப்பு இந்தியாவுக்கு வந்துவிட்டது.

போர்ன்வில்லின் கதை நிதானமானது. ஜார்ஜ் கேட்பரியும் அண்ணன் ரிச்சர்டும் 1879-இல் தங்கள் ஆலையை பர்மிங்காம் நகர நடுவிலிருந்து நான்கு மைல் தள்ளி வயல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் கால்வாய், ரயில் பாதை, போர்ன் என்ற சின்ன ஓடை. அந்தக் காலத்தில் சாக்லேட் என்றால் பிரெஞ்சுச் சரக்குக்குத்தான் மவுசு. ஆகவே ஓடையின் பெயரோடு, பிரெஞ்சில் ஊர் என்று பொருள்படும் ஒரு 'வில்' ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளர்களுக்கான சில வீடுகளைத் தவிர்த்தால், ஊர் என்று சொல்லும்படி வீடுகள் எழத் தொடங்கியது 1895-இல்தான். நகரத்து நெரிசல் குடியிருப்புகளை நேரில் கண்டவர் ஜார்ஜ். எளிமையை வலியுறுத்தும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஞாயிறு காலைகளில் தொழிலாளர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்.

இதுவரை இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் வீட்டுச் சாவியில் இருக்கிறது.

சாவி யார் கையில்

லாபத்தில் பங்கு கொடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு லெவர் சொன்ன பதில் பிரசித்தம். பணத்தைக் கையில் கொடுத்தால் அது விஸ்கியாகவும் மிட்டாயாகவும் கிறிஸ்துமஸ் வாத்தாகவும் தொண்டைக்குள் இறங்கிவிடும். என்னிடமே விட்டுவிடுங்கள், நல்ல வீடாக மாற்றித் தருகிறேன் என்பது அதன் சாரம். ஆக, அங்கே வீடு என்பது சம்பளத்தின் இன்னொரு வடிவம். ஆலையில் வேலை இருந்தால் வீடு; வேலை போனால் வீடும் போகும். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு அந்த அடிவயிற்றுப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. சுதந்திர மனம் படைத்த எவனாலும் போர்ட் சன்லைட்டின் காற்றை நெடுநாள் சுவாசிக்க முடியாது என்று போல்ட்டன் பொறியாளர் சங்கத்துக்காரர் ஒருவர் லெவருக்கே எழுதினார்.

ஜார்ஜ் கேட்பரி வேறு மாதிரி தொடங்கித் தவறு செய்தார், பிறகு திருத்திக்கொண்டார். முதலில் கட்டிய வீடுகளை 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றார். வாங்கியவர்களில் சிலர் உடனே கைமாற்றி லாபம் பார்த்தார்கள். இது சரிப்படாது என்று கண்டதும் 1900-இல் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். வாடகை வருமானம் குடும்பத்துக்கும் இல்லை, ஆலைக்கும் இல்லை. மேலும் வீடு கட்டுவதற்கே. அதைவிட முக்கியம், அங்கே குடியேற கேட்பரியில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆரம்ப ஆண்டுகளிலேயே குடியிருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் சாக்லேட் ஆலைக்காரர்கள்.

என் சாய்வு இங்கிருந்துதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு லெவரின் ஊரை ஒதுக்கிவிட முடியாது. கண்ணுக்கு விருந்து என்றால் அது போர்ட் சன்லைட்தான். பக்கத்தில்கூட போர்ன்வில் வராது.

முன்வாசலும் கொல்லைப்புறமும்

லெவருக்குக் கட்டடப் பித்து. ஏறக்குறைய முப்பது கட்டடக் கலைஞர்களைக் கொண்டு கட்டினார். 1914-க்குள் 800 வீடுகள், 3,500 பேர். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக ஒரு வரிசை, பெல்ஜியத்திலிருந்து பெயர்த்து வந்தது போன்ற படிக்கட்டு முகடுகளோடு அடுத்த வரிசை, சிவப்பு மணற்கல்லில் இன்னொன்று. பின்னாளில் புதுடில்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸின் வீடுகளும் இங்கே உண்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டின் நகல் ஒன்றைக்கூடக் கட்டி வைத்திருந்தார்கள், 1938-இல் இடித்துவிட்டார்கள். நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஒரு ஊருக்கு இவ்வளவு ஒப்பனை போதும்.

ஊர் நடுவே அகன்ற புல்வெளி. 1910-இல் நடந்த போட்டியில் வென்ற எர்னஸ்ட் பிரெஸ்ட்விச் என்ற மாணவரின் திட்டம் அது. அதன் ஒரு கோடியில் லேடி லெவர் கலைக்கூடம். மனைவியின் நினைவாக லெவர் கட்டி 1922-இல் திறந்தது, அனுமதி இலவசம். ஓவியம் வாங்குவதற்கும் சோப்பு விற்பதற்கும் அவர் அதிக வேறுபாடு பார்க்கவில்லை. வில்லியம் பவல் ஃப்ரித் வரைந்த, புது உடையைத் தூக்கிக் காட்டும் சிறுமியின் ஓவியத்தை வாங்கி சோப்பு விளம்பரமாக்கிவிட்டார். வரைந்தவர் கொதித்துப் போனார்.

இந்த ஊரில் ஒரே ஒரு இடத்தில் நிற்க நேரம் இருந்தால் போர் நினைவுச் சின்னத்துக்குப் போங்கள். கோஸ்கோம் ஜான் செய்த வெண்கல உருவங்கள். நாட்டுக்கு நாடு இருக்கும் போர்ச் சின்னங்களில் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய ஆண்கள்தான் நிற்பார்கள். இங்கே சிப்பாய்களோடு தாயும் குழந்தைகளும் இருக்கிறார்கள். வீட்டைக் காப்பது என்பதே கருப்பொருள். 1921-இல் இதைத் திறந்து வைக்க ஊழியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது ஒரு தலைவரையோ தளபதியையோ இல்லை. முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தில் பார்வை இழந்த சக ஊழியரை.

இப்போது போர்ன்வில். இங்கே வீடுகளின் முகத்தில் ஆடம்பரம் குறைவு. வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி என்ற இளைஞர் வரைந்த செங்கல் வீடுகள், இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும். முதல் பார்வையில் என் உறவினர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெருமை பின்பக்கம் இருக்கிறது. மனையின் கால் பங்குக்கு மேல் வீடு இருக்கக் கூடாது என்பது விதி. மீதி முழுக்கத் தோட்டம். குடித்தனக்காரர் பெட்டி படுக்கையோடு வருவதற்கு முன்பே மண்ணைக் கொத்திப் பழ மரங்களை நட்டு வைத்துவிடுவார்கள். தெருப் பெயர்களிலும் மரங்கள்தான்: அக்கேசியா, லிண்டன், சிக்கமோர், மேப்பிள். போர்ட் சன்லைட்டில் போல்ட்டன் சாலை இருக்கிறது, வுட் தெரு இருக்கிறது. லெவர் பிறந்தது போல்ட்டனில், வுட் தெருவில். எந்த ஊர் யாரைப் பற்றியது என்று பெயர்ப் பலகையே சொல்லிவிடுகிறது.

அதற்காக ஜார்ஜ் கேட்பரி ஊரார் விஷயத்தில் தலையிடாதவர் என்று எண்ண வேண்டாம். குடித்தனக்காரர்களுக்காக உடல்நல விதிகள் என்று ஒரு சிறு பிரசுரம் போட்டார். தம்பதிகள் தனித்தனிக் கட்டிலில் படுப்பது நல்லது என்ற அறிவுரையும் அதில் உண்டு. லெவர்கூட அந்த அறைக்குள் நுழையவில்லை!

பசும்புல் திடலைச் சுற்றி போர்ன்வில்லின் மற்ற காட்சிகள் எல்லாம் ஐந்து நிமிட நடையில் முடிந்துவிடும். எண்கோண வடிவத்தில் ஓர் ஓய்வு இல்லம். கொஞ்ச தூரத்தில் ஜார்ஜ் கேட்பரி விலைக்கு வாங்கி, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய செல்லி மேனர் என்ற பழைய வீடு. பள்ளிக்கூடக் கூரையின் மேல் 48 மணிகள் கொண்ட கூண்டு. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் கேட்டு மயங்கி 1906-இல் தம் ஊருக்கும் வரவழைத்தார். விசைப்பலகை போன்ற கட்டைகளை முஷ்டியால் குத்தி வாசிப்பார்கள். வாசிப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போவது நல்லது. காற்றும் ஒத்துழைத்தால் மணியோசையோடு கோகோ வாசனையும் வரும்.

குடிக்கக் கிடைக்குமா

இருவருமே மதுவுக்கு எதிரிகள். போர்ட் சன்லைட்டில் 1900-இல் பிரிட்ஜ் இன் திறந்தபோது அது மது இல்லாத விடுதி. ஊரார் முணுமுணுத்தார்கள். லெவர் வாக்கெடுப்புக்கு விட்டார். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'மது வேண்டும்' என்று விழுந்தது. தமக்குப் பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட்டார். சாவியைக் கையில் இறுக்கி வைத்திருந்த மனிதர் இதில் மட்டும் பிடியைத் தளர்த்தினார் என்பது எனக்குப் பிடித்த முரண். போர்ன்வில்லிலோ அறக்கட்டளை நிலத்தில் இன்று வரை ஒரு பப் கிடையாது. ரோஹீத் பெவிலியனில் உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு பார் உண்டு. தாகத்தோடு வருகிறவர்கள் எல்லையைத் தாண்டி அடுத்த பகுதிக்கு நடக்கிறார்கள்.

பாட்டு விஷயத்திலும் போர்ட் சன்லைட் ஒரு புள்ளி முந்துகிறது. ரிங்கோ ஸ்டார் பீட்டில்ஸ் குழுவின் நிரந்தர டிரம்மராக முதன்முதலில் மேடையேறியது 1962 ஆகஸ்ட் 18 அன்று, இங்கிருக்கும் ஹல்ம் ஹாலில். அந்த நிகழ்ச்சியை நடத்தியது ஊர்த் தோட்டக்கலைச் சங்கம். காய்கறிப் போட்டிக்காரர்கள் உலக இசை வரலாற்றில் இடம்பிடித்தது இப்படி.

எண்ணெயும் கோகோவும் எங்கிருந்து

இந்தப் புல்வெளிகளைப் பார்க்கும்போது பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். சோப்புக்குப் பனை எண்ணெய் வேண்டும். லெவர் 1911-இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் செய்து கொங்கோவில் இறங்கினார். அங்கே எழுந்த ஊருக்கு லெவர்வில் என்றே பெயர், இன்று லுசாங்கா. அங்கே புல்வெளியும் கலைக்கூடமும் கிடையாது. பனங்குலை வெட்ட ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்து வந்தார்கள்.

கேட்பரிக்கு கோகோ வந்த இடங்களில் ஒன்று போர்ச்சுகீசியரின் சாவோ தோமே தீவு. அங்கே உழைத்தவர்கள் பெயரில்தான் ஒப்பந்தக் கூலிகள், நடைமுறையில் அடிமைகள். செய்தி காதுக்கு வந்த பிறகும் கேட்பரி பல ஆண்டுகள் விசாரணை, பேச்சுவார்த்தை என்று இழுத்து, 1909-இல்தான் வாங்குவதை நிறுத்தியது. இதைச் சுட்டி 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகை கேலி செய்தபோது அவதூறு வழக்குப் போட்டார்கள். ஜெயித்தார்கள். நடுவர்கள் வழங்கிய இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது பென்னியில் கால்வாசி. அதைவிடச் சுருக்கமாக ஒரு தீர்ப்பு எழுத முடியாது.

இந்தத் தலைப்பில் இரண்டு ஊரில் எது மேல் என்று நான் மதிப்பெண் போடப் போவதில்லை.

இன்றைய குடித்தனம்

போர்ட் சன்லைட்டில் வெளியாட்கள் வீடு வாங்க முடிந்தது 1980-களில்தான். ஏறக்குறைய 900 கட்டடங்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் ஜன்னல் மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். ஆலை பக்கத்திலேயே இயங்குகிறது. ஊர் அழகாக, அசையாமல் அப்படியே நிற்கிறது. போர்ன்வில்லிலும் வேலிச்செடி முதல் வெளிக்கதவு வரை அறக்கட்டளைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் அந்த ஊர் வளர்ந்துகொண்டே போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய செர்பியர்கள் 1968-இல் இங்கே தங்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் தேவாலயத்தைக் கட்டினார்கள். குவேக்கர் ஊரில் பைசாந்தியக் குவிமாடம். 2010-இல் கேட்பரி நிறுவனமே கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. வீடுகளை யாராலும் தொட முடியவில்லை; அவை நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே வேறு பெயரில் எழுதப்பட்டிருந்தன.

ஆகவே சிபாரிசு: புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் போர்ட் சன்லைட், லிவர்பூல் நகரத்திலிருந்து மெர்சிரெயில் ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். குழந்தைகள் கூட வந்தால் பேச்சே இல்லை, போர்ன்வில். ரயில் நிலையமே கேட்பரி ஊதாவில் வரவேற்கும். வாடகைக்கு வீடு தேடுகிறவர் என்னைக் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வதும் அதுதான்.

சென்ற கோடையில் என் சித்தியைப் போர்ட் சன்லைட்டுக்கு அழைத்துப்போனேன். ஒரு மணி நேரம் நடந்த பிறகு அவர் கேட்டார்: "இவ்வளவு சோப்பு செய்த ஊரில் துவைத்த துணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?" கதை உண்டு. ஆரம்பத்தில் முன்புறத் தோட்டங்களைக் குடித்தனக்காரர்களிடமே விட்டிருந்தார்கள். அவர்கள் அங்கே கோழி வளர்த்தார்கள், வேலியில் துணி உலர்த்தினார்கள். பார்வைக்கு அழகாக இல்லை என்று நிர்வாகம் தோட்டங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு புல்லை வெட்ட ஆரம்பித்தது. இன்றும் முன்வாசல் புல் பொதுப் பராமரிப்பில்தான் இருக்கிறது. சித்தியை வீட்டு வரிசையின் பின்னால் இருந்த சந்துக்கு அழைத்துச் சென்றேன். முன்னால் மாளிகை போல் நின்ற வரிசைக்குப் பின்னால் சிறு முற்றங்கள், குப்பைத் தொட்டிகள். ஒரு சுவருக்கு மேலே கயிற்றில் இரண்டு தலையணை உறையும் ஒரு குழந்தையின் பள்ளிச் சட்டையும் ஆடிக்கொண்டிருந்தன. "இதோ இருக்கிறார்கள்" என்றார் சித்தி.