நாட்குறிப்பா, சகாக்கள் குழுவா, மேற்பார்வையா: அனுபவமுள்ள ஆலோசகர் எதை நாடலாம்?

தொழிலுக்குப் புதியவரின் குறையை வாடிக்கையாளரே சுட்டிக்காட்டிவிடுவார். பல்லாண்டு அனுபவமும் நற்பெயரும் பெற்ற ஆலோசகரிடம் அதைச் சொல்ல எவரும் துணிவதில்லை. வெற்றியையே கண்டு பழகிய நிர்வாக ஆலோசகர்கள், திட்டம் தவறும்போது தம் பங்கை ஆராயாமல் வாடிக்கையாளர் மீதே பழியைப் போடுவதை, நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ் ஆர்ஜிரிஸ் 1991இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் விரிவாக எழுதினார். தன் வேலையைத் திரும்பிப் பார்க்க உதவும் நாட்குறிப்பு, சகாக்கள் குழு, மேற்பார்வை ஆகிய வழிகளுள் அந்தப் போக்கை உடைக்க வல்லது எது என்பதே இங்கு எடைபோடும் அளவுகோல்.

நாட்குறிப்புக்குச் செலவில்லை, யாருடைய நேரத்தையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அமர்வின்போது எதைக் கவனிக்கத் தவறினோமோ, அதை எழுதும்போதும் தவறவிடுகிறோம். நாளடைவில் அது தன் தரப்பு நியாயங்களின் தொகுப்பாகிவிடக்கூடும். வாடிக்கையாளர் சொன்ன வாக்கியங்களை நினைவிலிருக்கும் வரை அப்படியே எழுதிவிட்டு, அதன் பிறகே நம் கருத்தை எழுதினால் இந்த ஆபத்து ஓரளவு குறையும்.

வாடிக்கையாளர் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களை நான் இவற்றுக்கு இணையாக வைக்க மாட்டேன். பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆய்வாளர்கள் க்ளூகரும் டெனிசியும் 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்தே இருந்தது.

சகாக்கள் குழுவுக்குச் சிறந்த முன்மாதிரி, 1950களில் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் பொது மருத்துவர்களுக்காக நடத்திய குழுக்கள். இன்றும் அம்மரபில், குறிப்புகள் ஏதுமின்றி ஒருவர் தம் நோயாளியைப் பற்றிப் பேசுகிறார்; பிறகு அவர் ஒதுங்கி அமர, மற்றவர்கள் அந்த உறவில் என்ன நடக்கிறது என்று யோசிக்கிறார்கள். தீர்வு சொல்லும் அவசரம் அங்கே அடக்கப்படுகிறது. ஆலோசகர்களுக்கு அதுவே பெரிய பயிற்சி. எனினும் ஒரே சந்தையில் போட்டியிடும் சகாக்களிடையே நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடப்படுபவை ஏராளம்.

மேற்பார்வை என்று நான் சொல்வது அதிகாரியின் கண்காணிப்பை அன்று. மேற்பார்வை செய்யப் பயின்ற ஒருவருடன் மாதந்தோறும் நம் வேலையையும் நம்மையும் சேர்த்து ஆராயும் உரையாடலை. கோச்சிங் என்பது உரையாடல் வழியே ஒருவரின் வளர்ச்சிக்கு உதவும் தொழில். அதில் பன்னாட்டு கோச்சிங் கூட்டமைப்பு சான்றிதழுக்குக் கேட்கும் 10 மணி நேர வழிகாட்டல் பெரும்பாலும் திறன்களைச் சார்ந்தது. மேற்பார்வையோ அத்திறன்களைக் கையாளும் மனிதரையும் தொடுகிறது. வாடிக்கையாளரிடம் நிகழ்வது மேற்பார்வை அறையிலும் பிரதிபலிக்கும் என்பதை உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்டு சேர்ல்ஸ் 1955இலேயே கவனித்து எழுதினார். அவசரப்படுத்தும் மேலாளரைப் பற்றிக் குறைகூறும் ஆலோசகர், அதே மூச்சில் மேற்பார்வையாளரை "சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று அவசரப்படுத்துவார். அதை அந்தக் கணத்திலேயே எடுத்துக்காட்ட இன்னொரு மனிதர் வேண்டும்.

இதனுடன் அமர்வின் ஒலிப்பதிவும் சேரும்போதுதான் முழுப்பயன் கிட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து. "ஒருவேளை இந்தப் பதவியே எனக்கு..." என்று வாடிக்கையாளர் நிறுத்துகிறார், அவர் முடிப்பதற்குள் ஆலோசகர் நேர்த்தியான ஒரு கேள்வியால் குறுக்கிடுகிறார். நாட்குறிப்பில் அது "நல்ல கேள்வி கேட்டேன்" என்று பதிவாகும், சகாக்கள் அந்தக் கேள்வியைப் பாராட்டுவார்கள். ஒலிப்பதிவில் மட்டுமே முடியாமல் போன வாக்கியம் கேட்கும்.

எனவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பணம் செலவானாலும் ஒலிப்பதிவுடன் கூடிய மேற்பார்வையையே பரிந்துரைப்பேன். வசதி இல்லாதவர்கள், தம்முடன் போட்டியிடாத பிற துறையினரைச் சேர்த்துக் குழு அமைக்கலாம். பதிவுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவதும், யாரெல்லாம் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்வதும் கட்டாயம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பார்வையாளரை மாற்றுவதும் நல்லது, ஏனெனில் நம் பழக்கங்கள் அவருக்கும் பழகிப்போய்விடும்.