எம்எஸ் மின்பொறியியல் + எம்பிஏ: படித்து முடித்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகு

2017 மே மாதம் இரண்டு பட்டங்களோடு வெளியே வந்தேன். அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், மூன்று ஆண்டுப் படிப்பு. படித்து முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாக இருந்திருக்கும். கடன் தவணை ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எழுதியிருந்தால் புலம்பலாகியிருக்கும். 2023-இல் கடன் அடைந்துவிட்டது. படித்ததில் எது கையில் நின்றது, எது நழுவியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது.

நான் ஏன் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், இந்தப் படிப்பின் பயன் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கோவையில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். 10 எச்பி, அதாவது 7.5 கிலோவாட், நாலு போல் (காந்த முனை) கொண்ட மோட்டார்தான் எங்கள் அன்றாடச் சோறு. மோட்டார்களைத் திறனை வைத்து ஐஇ1, ஐஇ2, ஐஇ3 என்று ஏறுவரிசையில் தரம் பிரிப்பார்கள். அதில் ஐஇ1 வகைக்குத் திறன் 86 சதவீதம், ஐஇ3 வகைக்கு 90.4. முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1,700 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 13,500 ரூபாய்க்கு மேல். இவ்வளவு தெளிவாகக் கணக்கு இருந்தும், நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ஐஇ3 மோட்டார்கள் குடோனில் கிடந்தன. விலை குறைந்தவை லாரியேறின. ஏன் என்று கேட்டால், "சனங்க வெலையத்தான் பாப்பாங்க தம்பி" என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் போனேன். வேலையிலிருந்து விடைபெறப் போன அன்று போர்மேன் அண்ணன், "ஏனுங்க தம்பி, மோட்டார் தெரிஞ்சவருக்குக் கணக்குப்பிள்ளை படிப்பு எதுக்குங்க?" என்று கேட்டார். அன்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சேர்வதைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வகை இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1988-இல் தொடங்கிய திட்டம் போல, முதலிலிருந்தே ஒன்றாகப் பின்னியது ஒரு வகை. அங்கே 24 மாதத்தில் இரண்டு பட்டம், நடுவே ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை. இரண்டு துறைகளில் தனித்தனியாக இடம் வாங்கி நாமே பின்னிக்கொள்வது அடுத்த வகை. என்னுடையது இரண்டாவது. பொறியியலுக்கு ஜிஆர்இ, எம்பிஏவுக்கு ஜிமேட் என்று இரண்டு நுழைவுத் தேர்வும் எழுதினேன். சில பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் தனித்தனியே படிப்பதைவிட ஓர் அரையாண்டு மிச்சமாகும். நேரத்தில் கிடைக்கும் ஆதாயம் அவ்வளவுதான், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலாண்டு முழுக்கப் பொறியியல், இரண்டாம் ஆண்டு எம்பிஏவின் அடிப்படைப் பாடங்கள், மூன்றாம் ஆண்டு இரண்டும் கலந்து என்று வைத்துக்கொண்டேன். இதை இப்போதும் எல்லோருக்கும் சொல்கிறேன். எம்பிஏவில் கால் வைத்த சில வாரங்களிலேயே கோடைப் பயிற்சிக்கு நிறுவனங்கள் வந்துவிடும். ஓராண்டு முன்பே ஊரும் மொழியும் பழகியிருந்தது எனக்குப் பெரிய பலம். பொறியியல் பக்கம் பேராசிரியருக்கு வகுப்பில் உதவும் மாணவர் வேலை கிடைத்து அந்த ஆண்டின் கட்டணம் தள்ளுபடியானது. எம்பிஏ பக்கம் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நான் வாங்கிய 38 லட்சம் கடன் பெரும்பாலும் அந்த ஒரு பாதிக்காகத்தான். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மதியத்தைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன்ஸ் (உற்பத்தி, விநியோக நிர்வாகம்) வகுப்பில் பீர் விளையாட்டு ஆடவைத்தார்கள். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். வாடிக்கையாளர் முதலில் வாரம் 4 பெட்டி வாங்குவார். பிறகு ஒரே ஒரு முறை 8 ஆக உயர்ந்து அங்கேயே நின்றுவிடும். நடக்கும் மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரம் பிடிக்கும். சரக்கு வரவில்லையே என்ற பதற்றத்தில் ஒவ்வொருவரும் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட, ஆலையில் இருந்த எனக்கு ஒரு வாரம் 40 பெட்டி கேட்டு வந்தது. கொஞ்ச வாரத்தில் பூஜ்யம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முந்தின ஆண்டு கன்ட்ரோல் சிஸ்டம் வகுப்பில் படித்ததே இதுதான்! விளைவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பின்னூட்டச் சுற்றில் தாமதம் இருந்தால், அது ஆடாமல் நிற்பதற்கான இடைவெளி, அதாவது ஃபேஸ் மார்ஜின், குறையும். அந்த நிலையில் கெயினை, அதாவது பிழையைப் பார்த்து எவ்வளவு பலமாகத் திருத்துகிறோம் என்பதை, கூட்டினால் சுற்று ஆடத் தொடங்கும். பதற்றத்தில் போடும் ஆர்டர்தான் அந்தக் கெயின். மாசி, பங்குனியில் பம்ப் ஏஜென்டுகள் இரண்டு மடங்கு ஆர்டர் போட்டுவிட்டு ஆடியில் போனையே எடுக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் குடோனும் இதே சுற்றில்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்த விளையாட்டின் வேரே ஒரு மின்பொறியாளரிடம் இருக்கிறது. ஜே ஃபாரஸ்டர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எம்ஐடியின் சர்வோமெக்கானிசம் (பின்னூட்டத்தால் இயங்கும் இயந்திரக் கட்டுப்பாடு) ஆய்வகத்தில் இருந்தவர். கணினிக்குக் காந்த வளைய நினைவகத்தை உருவாக்கியதில் முதன்மையானவர். 1956-இல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கென்டக்கி ஆலைகளில் ஒரு சமயம் வேலை குவிவதும் சில ஆண்டில் ஆட்குறைப்பு நடப்பதுமாக இருந்ததை, ஒரு நோட்டில் வாரம் வாரமாகக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். வெளிச்சந்தை ஆடாமலே இருந்தாலும், ஆர்டரும் ஆள்சேர்ப்பும் முடிவாகும் விதமே ஆலையை ஆட்டிவிடும் என்று அந்தக் கணக்கு காட்டியது. இரண்டு துறையையும் சேர்த்துப் படிப்பதில் அர்த்தம் உண்டா என்று எனக்கிருந்த சந்தேகம் அன்றோடு போயிற்று.

என் மோட்டார் கேள்விக்கும் விடை கிடைத்தது. மோட்டாரை வாங்குபவர் பெரும்பாலும் இயந்திரம் செய்து விற்பவர். கரன்ட் பில் கட்டுபவர் அதை வாங்கி ஓட்டுபவர். மிச்சமாகும் பணம், செலவு செய்பவர் கைக்கு வருவதே இல்லை. அப்படியிருக்க, அவரிடம் போய்த் திறனைப் பற்றிப் பேசி என்ன பயன்?

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு துறைகளின் நாட்காட்டியும் ஒத்துப்போகவில்லை. எம்பிஏ பாடங்கள் ஏழு வாரத்தில் முடியும், பொறியியல் பாடம் பதினைந்து வாரம் ஓடும். ஒரு பக்கம் தேர்வு நடக்கும்போது மறுபக்கம் ஆய்வகம். இரண்டாம் ஆண்டு முழுக்கக் கணிதத்தைத் தொடாமல் இருந்துவிட்டு மூன்றாம் ஆண்டு பவர் எலெக்ட்ரானிக்ஸ் மேல்நிலைப் பாடத்தில் உட்கார்ந்தபோது, கூடப் படித்தவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். அந்த இடைவெளியை நான் முழுதாகக் கடக்கவே இல்லை. ஆராய்ச்சியிலோ சிப் வடிவமைப்பிலோ ஆசை உள்ளவர்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். எம்எஸ் மட்டும் படியுங்கள், அல்லது நேராக பிஎச்டி.

விசா விஷயத்தில் பலர் ஏமாறும் ஓரிடம் உண்டு. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே அங்கே வேலை செய்யத் தரும் அனுமதிதான் ஓபிடி. இரண்டு பட்டம் என்பதால் அது இரண்டு முறை கிடைக்காது. இரண்டுமே முதுநிலை, ஒரு நிலைக்கு ஒரு முறைதான், 12 மாதம். மின்பொறியியல் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம் சேரும், ஆனால் செய்யும் வேலை அந்தப் படிப்போடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். எனக்கு அந்த மூன்று ஆண்டும் கிடைத்தது. எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான குலுக்கலில் பொதுவில் 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 20,000 என்று இடங்கள் இருந்தும் மூன்று முறையும் என் பெயர் வரவில்லை. 2020-இல் பெட்டி கட்டினேன். கடன் பாக்கியோடு திரும்பி வந்த அந்த மாதங்கள் மிகவும் கனமானவை. குலுக்கலை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஊர் திரும்பினாலும் தவணை கட்ட முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

இப்போது கோவையிலேயே மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவியான டிரைவ் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். பம்பின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம் பெரிதாக இல்லாத இடத்தில், தேவைப்படும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகும். இந்தக் கணக்கை இயந்திரம் செய்பவரிடம் நான் கொண்டுபோவதில்லை. கரன்ட் பில் யார் பெயரில் வருகிறதோ அவரைத் தேடிப் போகிறேன். நூற்பாலை, சாயப்பட்டறை என்று அவர்கள் வாசலில் உட்கார்ந்து, எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று அவர்கள் பில்லை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். வயரின் தடிமன் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்வேன், வட்டி பற்றிக் கேட்டாலும் சொல்வேன். சம்பளம், அங்கேயே தங்கிவிட்ட நண்பர்களுடையதில் ஒரு பகுதிதான். இந்த வேலையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நழுவியதையும் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறேன். சிலிக்கான் கார்பைடு என்ற புதுவகைக் குறைக்கடத்தி வந்து டிரைவின் உள்வேலை மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் தை மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலைகளில் எங்கள் டிசைன் பிரிவுத் தங்கை ஒருத்தியிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். அந்த மூன்றாம் ஆண்டு நோட்டை எடுத்துவந்திருக்கிறேன். பாதியில் விட்ட கணக்குகளை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லித்தருகிறாள்.