பந்தை நகர்த்துவது யார்: ஒன்பதாம் வகுப்பில் பிளெண்டரும் பென்சில் 2டியும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லித்தரப் போகிறேன் என்றதும் தொழிலில் இருக்கும் நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள். எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. முதல் ஆண்டு முழுக்க அதில்தான் வகுப்பு நடத்தினேன். இரண்டாம் ஆண்டு ஆடி மாதம் பிறந்தபோது அதை ஓரமாக வைத்துவிட்டு, பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போலிருக்கும், கையால் வரையும் மென்பொருளான பென்சில் 2டிக்கு மாறினேன். இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது. இரண்டிலும் நடத்திப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

இடம், திண்டுக்கல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. சனிக்கிழமை காலையில் நாற்பது நிமிடப் பாடவேளைகள் இரண்டு. இருபத்து நான்கு பிள்ளைகள், வேலை செய்யும் கணினிகள் பதினொன்று, எல்லாம் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய பெட்டிகள். வரைபலகை கிடையாது, மவுஸ் மட்டும்தான். உங்கள் ஆய்வகம் இதைவிட வசதியானது என்றால் நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் வேறு இரண்டு பெயர்களும் இருந்தன. ஸ்க்ராட்ச் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே, 'காட்சித் தொடர்பு' பாடத்தில் வருகிறது. நிரல் எழுதும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. ஆனால் அதில் ஒரு பந்தைக் கீழே இறக்கச் சொன்னால், வழுக்கிச் செல்லும் கட்டளை அதைச் சீரான வேகத்தில் லிஃப்ட் போல இறக்கி வைக்கும். மாயா அனிமேஷன் தொழிற்கூடங்களின் மென்பொருள். மாணவர்களுக்கு இலவசம்தான் என்றாலும், படிப்பவர் என்று காட்டி ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தலைவலி, 4 ஜிபி கணினிக்கோ அதைவிடப் பெரிய தலைவலி. இரண்டையும் இத்துடன் விட்டுவிடுகிறேன்.

பிளெண்டருக்கு உரிய மரியாதையை முதலில் செலுத்திவிட வேண்டும். 2002இல் அதை வைத்திருந்த நிறுவனம் முடங்கியபோது, அதை உருவாக்கிய டான் ரூசெண்டால் பொதுமக்களிடம் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக்கினார். அதனால் யாரும் அதைப் பூட்டி வைத்துவிட முடியாது. லாத்வியாவிலிருந்து வந்து 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அதில் செய்யப்பட்டதுதான். இதை வகுப்பில் சொன்ன அன்று பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். திரையில் இருக்கும் கனசதுரத்தை முதன்முதலாகச் சுற்றிப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கு ஈடாக பென்சில் 2டியில் எதுவுமே இல்லை.

பழைய கணினி என்பதால் 2.79 பதிப்பைத்தான் போட முடிந்தது. 2019இல் வந்த 2.8 பதிப்பில் முகப்பையே மாற்றிவிட்டார்கள். அதுவரை பொருளைத் தேர்ந்தெடுக்க வலது பொத்தான், அதன் பிறகு இடது பொத்தான். ஆகவே வீட்டில் கைபேசியில் காணொலி பார்த்துவிட்டு வரும் பிள்ளை, வகுப்பில் எதை அழுத்தினாலும் எதுவோ நடக்கும். சிரமம்தான், ஆனால் பழகிவிடும். நான் மாறியது இதனால் அல்ல.

மாறியதற்குக் காரணம் ஒரு பந்து.

அனிமேஷன் படிக்கும் எவரும் முதலில் செய்வது துள்ளும் பந்துதான். மேலிருந்து விழ வேண்டும், தரையில் பட்டு எழ வேண்டும், போகப் போக அடங்க வேண்டும். பிளெண்டரில் இதற்கு வழி எளிது: பந்து மேலே இருக்கும் இடத்தில் ஒரு கீஃப்ரேம் (இந்த நேரத்தில் பொருள் இங்கே என்று நாம் குறித்து வைக்கும் படம்), தரையில் படும் இடத்தில் ஒரு கீஃப்ரேம். நடுவில் வர வேண்டிய படங்களை மென்பொருளே போட்டுக்கொள்ளும். அது இயல்பாகப் போடும் முறையில் எந்த நகர்வும் மெல்லத் தொடங்கி மெல்ல முடியும். கார் கிளம்பி நிற்பதற்கு அது சரி. விழும் பந்துக்குத் தவறு. தரையை நெருங்க நெருங்க வேகம் கூட வேண்டிய பந்து, பஞ்சு மெத்தையில் இறங்குவது போலத் தயங்கித் தயங்கி வந்து உட்காரும்.

பிள்ளைகளுக்குத் தவறு தெரியாமல் இல்லை. "சார், பலூன் மாதிரி இருக்கிறது" என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் அதைத் திருத்த நகர்வை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறக்க வேண்டும், வளைகோட்டில் தரைப்புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வி (V) பொத்தானை அழுத்தி, கோட்டின் வளைவை முடிவு செய்யும் கைப்பிடியின் வகையை வெக்டர் என்று மாற்ற வேண்டும். நான் சொல்வேன், அவர்கள் அழுத்துவார்கள், பந்து சரியாகிவிடும். ஏன் சரியானது என்று கேட்டால் "வெக்டர் வைத்தோம் சார்" என்று பதில் வரும்.

ஒரு மாணவன் இன்னும் ஒரு படி மேலே போனான். அதே கிராஃப் எடிட்டரில் டி (T) பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் 'பவுன்ஸ்' என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை அவனாகவே கண்டுபிடித்தான். இரண்டு கீஃப்ரேம், ஒரு சொடுக்கு, பந்து அழகாகத் துள்ளி அடங்கிவிட்டது. வகுப்பில் ஐந்தே நிமிடத்தில் முடித்தவன் அவன் மட்டும்தான். கெட்டிக்காரன், திட்டவும் மனமில்லை. ஆனால் "இரண்டாம் துள்ளல் முதல் துள்ளலைவிட ஏன் சீக்கிரம் முடிகிறது?" என்று கேட்டேன். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், நான் இவர்களுக்கு அனிமேஷன் சொல்லித்தருகிறேனா, பட்டியலில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லித்தருகிறேனா என்ற கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

பென்சில் 2டியில் இப்படி ஒரு பொத்தான் கிடையாது. இடைப்படம் போடும் வேலையையே அது செய்வதில்லை. ஒவ்வொரு படத்தையும் பிள்ளைதான் வரைய வேண்டும். நோட்டின் மூலையில் தீக்குச்சி மனிதர்களை வரைந்து பக்கங்களை விர்ரென்று புரட்டி விளையாடியிருக்கிறோமே, அதன் கணினி வடிவம் இது, வேறொன்றும் இல்லை. முந்தைய படம் மங்கலாக அடியில் தெரியும் வசதி உண்டு, வெங்காயத் தோல் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த படத்தை எவ்வளவு தள்ளி வரைவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த 'எவ்வளவு' என்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை. நெருக்கமாக வரைந்தால் மெதுவாகப் போகும், தள்ளித் தள்ளி வரைந்தால் வேகமாகப் போகும்.

எவ்வளவு தள்ளுவது என்பதற்கு அவர்களுடைய அறிவியல் பாடமே விடை வைத்திருக்கிறது. ஓய்விலிருந்து விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடும். கலிலியோ கண்ட கணக்கு. நான் கட்டம் போட்ட தாளில் 36 கட்ட உயரத்தில் பந்தை வைக்கச் சொல்கிறேன். முதல் நகர்வு ஒரு கட்டம், பிறகு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. ஆறு நகர்வில் கூட்டினால் சரியாக 36, பந்து தரையில். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் ஆறு நகர்வு அரை நொடி. உண்மையான பந்தை அரை நொடி விழவிட்டால் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் இறங்கும். அதாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் மார்பு உயரம். நம்பாதவர்களை வராந்தாவில் நிறுத்தி ரப்பர் பந்தைப் போட்டுக் காட்டுகிறேன்.

துள்ளல் இன்னும் சுவையானது. ஏறும்போது அதே எண்கள் தலைகீழாக வர வேண்டும், ஆனால் ஒரு நகர்வு குறைவாக: 9, 7, 5, 3, 1. உயரம் 25. இறங்கும்போது 1, 3, 5, 7, 9. அடுத்த துள்ளல் 16, பிறகு 9, 4, 1. எல்லாம் வர்க்க எண்கள்! மொத்த நகர்வுகளைக் கூட்டினால் அதுவும் 36, ஆகவே படம் சரியாக மூன்று நொடி. இதைக் கரும்பலகையில் முதன்முதலாகக் கூட்டிப் பார்த்தபோது பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் குதித்தேன். இயற்பியல் ஆசிரியர் ஆட்சேபித்தார்: நிஜப் பந்து ஒவ்வொரு துள்ளலிலும் ஒரே விகிதத்தில்தான் உயரம் இழக்கும், இங்கே விகிதம் மாறிக்கொண்டே போகிறது என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் கண் அதை ஏற்றுக்கொள்கிறது, பிள்ளைக்குக் கணக்கு கையில் நிற்கிறது. அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தேழு வட்டங்களை ஒரு பாடவேளைக்குள் வரைந்துவிடலாம். ஓட்டிப் பார்த்ததும் பந்து எங்காவது தடுக்கும், ஏழு கட்டம் தள்ள வேண்டிய இடத்தில் ஐந்து தள்ளியிருப்பார்கள். எந்தப் படத்தில் தவறு என்று விரலை வைத்துக் காட்ட முடியும், அந்த ஒரு படத்தை அழித்து வரைந்தால் போதும். கணினியைத் திறக்க, கோப்பைத் தேட, பக்கத்தில் இருப்பவனோடு மவுஸுக்குச் சண்டை போட என்று பத்து நிமிடம் போனாலும், மீதி முப்பது நிமிடத்தில் மூன்று முறை தவறு செய்து மூன்று முறை திருத்த இதில் நேரமிருக்கிறது. தவறு பிள்ளையுடையது, திருத்தமும் பிள்ளையுடையது. பிளெண்டரில் தவறு மென்பொருளுடையதாக இருந்தது, திருத்தம் என்னுடையதாக இருந்தது. அதனால்தான் மாறினேன். மற்றதெல்லாம் கொசுறு.

கொசுறிலும் ஒன்றிரண்டு பயனுள்ளவை. மென்பொருள் சிறியது, பழைய கணினியில் முனகாமல் ஓடும். கட்டற்ற மென்பொருள்தான், உரிமத் தொல்லை இல்லை. அதன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் ஈற்றை மாற்றித் திறந்தால் உள்ளே வரைந்த படங்கள் தனித்தனியாக இருக்கும். நாளைக்கே மென்பொருள் இல்லாமல் போனாலும் பிள்ளையின் படம் பிள்ளையிடம் இருக்கும். இணையத்தில் அனிமேஷன்களை ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துபோனதைப் பார்த்த தலைமுறைக்கு இந்தக் கவலை இயல்பு. மின்சாரம் போனால் சேமிக்காத படம் போய்விடும். பத்துப் படத்துக்கு ஒரு முறை நான் கூவுகிறேன், அவர்கள் சேமிக்கிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். மவுஸால் வரைவது செங்கல்லால் கோலம் போடுவது போன்றது. வட்டம் உருளைக்கிழங்காக வரும். "எனக்கு வரைய வராது சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். பந்து, ஊசல், அரிசி மூட்டை என்று சித்திரத் திறமை அதிகம் கேட்காத பயிற்சிகளாகக் கொடுத்து அவர்களை இழுத்துவருகிறேன். எல்லோரும் வருவதில்லை. முதல் ஆண்டு பிளெண்டரில் கோயில் தேர் ஒன்றை அச்சு, சக்கரம், வடம் என்று அடுக்கி எழுப்பிய ஒரு மாணவியை நினைக்கும்போது, பென்சில் 2டியில் தொடங்கியிருந்தால் அவள் இரண்டாம் வாரமே நின்றிருப்பாளோ என்று தோன்றும். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அனுபவம் குறைந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பிளெண்டருக்குள்ளேயே கையால் வரைய கிரீஸ் பென்சில் என்ற கருவி இருக்கிறது. நான் வீட்டில் தொட்டுப் பார்த்ததோடு சரி, வகுப்பில் பயன்படுத்தியதில்லை. புதிய கணினிகள் உள்ள பள்ளியில் அது இந்தச் சண்டையையே தீர்த்துவைக்கலாம். வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கும் பெற்றோருக்கும் என்னிடம் உறுதியான பதில் கிடையாது. என் முதல் அணியே இப்போதுதான் மேல்நிலைக்குப் போயிருக்கிறது.

இன்னொன்று, என் வாதம் ஆட்டம் காணும் இடம்: நடை. மனிதன் நடப்பதைக் கையால் வரையச் சொன்னால் ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலும் தோல்விதான். கால் நீளும், குறையும், இடுப்பு இடம் மாறும். தவறு எந்தப் படத்தில் என்று காட்டவும் முடிவதில்லை, எல்லாப் படத்திலும் இருக்கும். எலும்புக்கூடு பொருத்திய ஆயத்த உருவம் ஒன்றை பிளெண்டரில் கொடுத்தால், காலின் நீளம் மாறாது, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதைப் பிள்ளை மட்டும் கவனித்தால் போதும். ஆகவே இந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு வரை பென்சில் 2டி, தை பிறந்ததும் விரும்பும் பத்துப் பேருக்கு மட்டும் பிளெண்டர் என்று பிரித்திருக்கிறேன். அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் சென்ற வாரம் நடைக்கு முன்பாகப் பழைய பந்தையே போட்டுப் பார்த்தார்கள். இரண்டே கீஃப்ரேம் வைத்து ஓட்டினார்கள், பந்து தரையருகே தயங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி நோட்டை எடுத்து 1, 3, 5 என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.