பாக்கெட் 4கே-வா, எஃப்எக்ஸ்30-ஆ: ஒரு மணி நேர ஃபுட்டேஜ் எவ்வளவு சாப்பிடுகிறது?

இரண்டு லட்சத்துக்குள் ஒரு சினிமா கேமரா என்று தேட ஆரம்பித்தால், கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும். ஒன்று 2018-இல் வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே. இன்னொன்று 2022-இல் வந்த சோனி எஃப்எக்ஸ்30. அறிமுக விலை முதலாவதற்கு 1,295 டாலர், இரண்டாவதற்கு 1,799 டாலர். இரண்டையும் கையில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன், வாங்கியது பாக்கெட். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடுவோம். ஆட்டோபோகஸில் சோனிதான் ராஜா. பாக்கெட்டில் நகரும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் போகஸே கிடையாது, கையால் திருப்ப வேண்டியதுதான். சோனியில் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி உடலுக்குள்ளேயே இருக்கிறது, பாக்கெட்டில் இல்லை. பேட்டரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாக்கெட்டில் போடும் எல்பி-ஈ6 ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. வெளியிலிருந்து பெரிய பேட்டரி கட்டாமல் இதை வேலைக்குக் கொண்டுபோக முடியாது. மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் என் கேமராவை ஒருநாள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, தாலி கட்டுற நேரத்துல நான் போகஸ் ரிங்கத் திருப்பிட்டா நிக்க முடியும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா இவைதான் உங்கள் பிழைப்பு என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை, சோனியை வாங்குங்கள்.

குறும்படம், ஆவணப்படம், இசை வீடியோ என்று நிதானமாக ஷாட் வைத்து, பிறகு எடுத்த படத்தின் நிறத்தைச் செதுக்கும் கலர் கிரேடிங்கில் உட்காருகிறவர்களுக்குத்தான் மீதி.

கேமரா வாங்கும்போது உடலின் விலையைத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அந்தப் பணம் ஒரு தடவையோடு போய்விடும். ஒவ்வொரு மணி நேர ஃபுட்டேஜுக்கும் ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் போகிறது, அதை எத்தனை பிரதி வைக்கிறோம், எடிட் செய்யும் கம்ப்யூட்டர் அதைச் சமாளிக்கிறதா என்பதெல்லாம் கேமரா கையில் இருக்கும் வரை தொடரும் செலவு. இதைத் தீர்மானிப்பது கம்ப்ரஷன், அதாவது கோப்பைச் சுருக்கும் முறை. அதனால் சென்சரைவிட அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

சென்சரில் விழுந்ததை நிறம் முடிவு செய்யாமல் அப்படியே வைப்பதுதான் ரா. பாக்கெட் தன் ரா கோப்பை பிஆர்ஏடபிள்யூ (பிளாக்மேஜிக் ரா) என்ற வடிவத்தில் பதிவு செய்கிறது. 3:1, 5:1, 8:1, 12:1 என நான்கு அளவில் சுருக்கலாம். 4கே-யில் நொடிக்கு 30 பிரேம் எடுத்தால் 5:1-க்கு நொடிக்கு 81 எம்பி, 8:1-க்கு 51, 12:1-க்கு 34 என்று நிறுவனமே கணக்குத் தருகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்காமல் இருக்க நான் 25 பிரேமில்தான் எடுக்கிறேன். அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 5:1-இல் சுமார் 243 ஜிபி, 8:1-இல் 153, 12:1-இல் 102. அதே கேமராவில் ரா வேண்டாம், ஆப்பிளின் புரோரெஸ் 422 எச்கியூ வடிவம் போதும் என்று போனால் மணிக்கு 330 ஜிபிக்கு மேல் போய்விடும்.

சோனியில் 4கே-யை 25 பிரேமில் எடுக்க இரண்டு வழி இருக்கின்றன. ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ, 25 பிரேமில் நொடிக்கு 250 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி). அதாவது மணிக்கு 112 ஜிபி. பல பிரேம்களைச் சேர்த்துச் சுருக்கும் எக்ஸ்ஏவிசி எஸ், 10 பிட் 4:2:2-இல் (நிற விவரத்தில் பாதியை வைத்துக்கொள்ளும் வகை) 140 மெகாபிட், மணிக்கு 63 ஜிபி.

மேலே உள்ள எண்களில் ஒன்றை இன்னொரு தடவை பாருங்கள். ரா என்றாலே டிஸ்க்கைத் தின்றுவிடும் என்று ஒரு பயம் நம்மிடையே இருக்கிறது. ஆனால் பாக்கெட்டின் 12:1 ரா, சோனியின் எஸ்-ஐ கோப்பைவிடச் சிறியது. 30 மணி நேர ஃபுட்டேஜ் உள்ள ஒரு ஆவணப்படத்தை இரண்டு பிரதி வைக்கிறோம் என்று கொள்வோம். 12:1-க்கு 6 டிபி, எஸ்-ஐக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு, 8:1-க்கு ஒன்பதுக்குச் சற்று மேல், எக்ஸ்ஏவிசி எஸ்-க்கு நாலுக்குள். புரோரெஸ் எச்கியூ என்றால் 20 டிபி, நம்மால் ஆகாது. நான் பெரும்பாலும் 8:1. பேட்டி மட்டும் எடுக்கிற நாளில் 12:1. ஆள் அசையாமல் உட்கார்ந்து பேசும் ஷாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

அப்படியானால் 63 ஜிபியில் முடியும் சோனி கோப்புதானே சிக்கனம்? ஆமாம், சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பல பிரேம்களைச் சேர்த்துச் சுருக்கும் முறை, கணக்கு நோட்டில் ஒரு வரியை எழுதிவிட்டுக் கீழே ‘மேற்படி, மேற்படி’ என்று போட்டுக்கொண்டே போவது மாதிரி. முந்தின பிரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதும். சுவர், மேசை, அசையாத முகம் என்றால் அற்புதமாக வேலை செய்யும். முட்டம் பாறையில் மோதிச் சிதறும் அலையில் எது மேற்படி? நுரையின் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு பிரேமிலும் புதுசு. காற்றில் ஆடும் தென்னை ஓலை, குலசேகரத்துப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கொட்டும் மழை, திற்பரப்பு அருவி எல்லாம் இதே கதை. வழக்கமாக யூடியூபில் கேமரா சோதனை செய்கிறவர்கள் நகரத்து அறைகளில் செய்கிறார்கள், இந்தச் சங்கடம் அவர்களுக்கு வருவதில்லை. இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலும் மழையும் இல்லாமல் ஒரு படம் எடுப்பதே கஷ்டம். அலை ஷாட்டில் நிழலை லேசாகத் தூக்கினாலே நுரைக்கு அடியில் கட்டம் கட்டமாகக் கரைவது எக்ஸ்ஏவிசி எஸ் கோப்பில் எனக்குத் தெரிந்தது. எஸ்-ஐக்கு மாற்றினால் அது பெரும்பாலும் போய்விடுகிறது. ஆனால் அங்கே வந்துவிட்டால் இடச் சிக்கனமும் போய்விடுகிறதே.

பாக்கெட்டில் இன்னொரு வசதி, தரத்தை நிலையாக வைத்துக்கொண்டு அளவை ஏற இறங்க விடும் க்யூ முறை. க்யூ5-இல் கோப்பின் அளவு காட்சிக்குத் தக்கபடி மாறும். பேட்டியில் அடங்கி ஒடுங்கி இருக்கும், அலையைக் காட்டினால் எகிறும். படத்துக்கு இது நல்லது. கார்டில் இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று நம்பிச் சொல்ல முடியாது என்பதால் படகில் ஏறும்போது நான் இதைத் தொடுவதில்லை.

அடுத்து நிறம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024, 12 பிட்டில் 4,096. சோனி 10 பிட், பாக்கெட்டின் ரா 12 பிட். 10 பிட்டே பெரும்பாலான வேலைக்குப் போதும், அதில் சந்தேகமில்லை. கன்னியாகுமரியில் சூரியன் மறைந்தபின் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்குப் போகும் அந்த வானத்தை எஸ்-லாக்3-இல் (பிறகு கிரேட் செய்வதற்காகச் சோனி வெளிறலாகப் பதியும் முறை) எடுத்துக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கிரேட் செய்தால்தான் பட்டை பட்டையாகப் பிரியப் பார்க்கும். தோவாளை பூச்சந்தையில் விடியுமுன் எல்இடி வெளிச்சத்தில் கேந்தியும் அரளியும் குவித்திருப்பார்கள். அங்கே வெள்ளைச் சமநிலை தப்பிவிட்டாலும் ராவில் பிறகு சரி செய்ய இடம் இருக்கிறது. சோனியில் பதிவாகும்போதே அதைச் சரியாக வைத்தாக வேண்டும். வைக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு குறையே இல்லை.

இருட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பாக்கெட்டுக்கு அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், 400, 3,200. சோனிக்கு எஸ்-லாக்3-இல் 800, 2,500. இருட்டையும் வெயிலையும் ஒரே ஷாட்டில் தாங்கும் வெளிச்ச வீச்சில் பாக்கெட் 13 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சம் இரட்டிப்பு) என்கிறது, சோனி 14-க்கு மேல் என்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி உள்ளே கருமரமும் ஜன்னலுக்கு வெளியே வெயிலும் உள்ள இடத்தில் சோனிக்குச் சற்று அதிகம் தாங்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அளந்து பார்த்ததில்லை.

பாக்கெட் நிச்சயமாகத் தோற்கும் ஒரு இடம் உண்டு. அதில் மாயிரேயைத் தடுக்கும் வடிகட்டி கிடையாது. வலை, கட்டம் போட்ட கைலி, நெருக்கமான கோடுள்ள சேலை எல்லாம் சில தூரத்தில் வானவில் மாதிரி நெளியும். குளச்சல் கடற்கரையில் வலை இல்லாத ஷாட் எங்கே கிடைக்கும்? போகஸை இம்மியளவு தளர்த்தியோ, கேமராவை ஓரடி நகர்த்தியோ சமாளிக்கிறேன். சோனி 6கே அளவில் படித்து 4கே-யாகக் குறைப்பதால் அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இனி கம்ப்யூட்டர். இதுதான் என் முடிவை உறுதி செய்தது. என்னிடம் இருப்பது சில வருஷம் பழசான, என்விடியா கார்டு போட்ட மெஷின். பிஆர்ஏடபிள்யூ அதில் பிராக்சி (எடிட்டுக்காகச் செய்யும் இலகுவான பிரதி) இல்லாமலே ஓடுகிறது. நிறப்புள்ளிகளைப் பிரித்து முழுப்படமாக்கும் வேலையில் ஒரு பகுதியைக் கேமராவே முடித்துக் கொடுத்துவிடும், மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளும். சோனியின் 4:2:2 10 பிட் கோப்பை வன்பொருளால் பிரித்துக் காட்டும் வசதி என் கார்டில் இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. அதற்கு முந்தைய கார்டு வைத்திருக்கிறவர் பிராக்சி செய்துதான் எடிட் பண்ண வேண்டும். அந்தப் பிராக்சிக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும், ராத்திரி முழுக்க மெஷின் ஓட வேண்டும். புது கம்ப்யூட்டரோ மேக்கோ ஏற்கெனவே இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள், சோனியின் பக்கம் தராசு நன்றாகவே சாயும். பாக்கெட்டோடு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளின் உரிமமும் சேர்ந்தே வருகிறது. தனியாக வாங்கினால் அது 295 டாலர்.

இந்தச் சின்ன கேமராக்களுக்குச் சுருக்கிய ரா வந்து சேர்ந்ததே ஒரு காப்புரிமைக் கதை. கேமராவுக்குள் ராவைச் சுருக்கிப் பதிவதற்கான உரிமையை ரெட் என்ற சினிமா கேமரா நிறுவனம் கையில் வைத்திருந்தது. 2019-இல் ஆப்பிள் எதிர்த்துப் பார்த்துத் தோற்றது. 2022-இல் ரெட் வழக்குப் போட்டது நிக்கான் மீது, கடைசியில் 2024-இல் அந்த நிக்கானே ரெட்டை வாங்கிவிட்டது.

ரெட் என்றதும் வாடகையும் நினைவுக்கு வருகிறது. ரெட்டின் கொமோடோவோ ஆரியின் அலெக்ஸாவோ போன்ற பெரிய சினிமா கேமராவைத் திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக்கு எடுத்தால் படம் இவை இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். திட்டமிட்டு இரண்டு நாளில் முடிக்கும் குறும்படத்துக்கு அதுவே புத்திசாலித்தனம். மீன்பிடித் தொழிலைப் படமெடுக்கிறவருக்கு அது ஒத்துவராது. விசைப்படகுத் தடை சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாள்காட்டி. கடல் கொந்தளிப்பு தனி. ஷூட்டிங் மாதக்கணக்கில் சிதறும்போது தினவாடகை கட்டுப்படியாகாது.

உப்புக்காற்று விஷயத்தில் சோனி மேல். தூசி, ஈரம் தாங்கும்படி கட்டியிருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். பாக்கெட் அப்படி எதையும் சொல்வதில்லை, உள்ளே விசிறியும் வெளியே காற்றுத்துளைகளும் உண்டு. கடற்கரையிலிருந்து திரும்பியதும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். லென்ஸுக்கும் அதே டப்பாதான், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும். இதுவரை பழுதாகவில்லை என்பதால் சர்வீஸ் எப்படி என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மறுவிற்பனையும் அப்படியே. நான் விற்றுப் பார்த்ததில்லை. நாகர்கோவிலில் பழைய கேமரா வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண வேலைக்காரர்கள், அவர்கள் கேட்பது சோனி. பாக்கெட்டை விற்க வேண்டி வந்தால் திருவனந்தபுரமோ சென்னையோ பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷத்தில் மாற்றிவிடும் எண்ணம் உள்ளவர் இந்த ஒரு காரணத்துக்காகவே சோனிக்குப் போகலாம்.

இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் பாக்கெட் 6கே புரோவைப் பார்க்கச் சொல்வேன். 2021-இல் வந்தது, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. நம் கடற்கரை வெயிலுக்கு அது ஒன்றே போதும், லென்ஸ் முனையில் கண்ணாடி மாட்டிக் கழற்றும் வேலை மிச்சம். ஆனால் 6கே முழு அளவில் 12:1-இல் எடுத்தாலும், 4கே-யை 5:1-இல் எடுத்த அதே 243 ஜிபி மணிக்கு ஓடும். கடையில் விலை கேட்கும்போதே நான்கு டிபி டிஸ்க் இரண்டுக்கும் சேர்த்து விலை கேட்டுவிடுங்கள்.